கரணையிலிருந்து விதைக்கு: கரும்பு இனமேம்பாட்டின் வரலாறு

கரும்பின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பரு உண்டு. பருவோடு வெட்டிய கரணையை ஈர மண்ணில் பதித்தால் புதிய பயிர் கிளம்புகிறது. அறுவடைக்குப் பின் அடிக்கட்டை மறுதாம்பாகத் தழைப்பதும் இதே பாலிலா இனப்பெருக்கம்தான். இவ்வாறு வளரும் பயிர் தாய்ப்பயிரின் மறுபதிப்பு. தாயின் இனிப்பு அதற்கு அப்படியே வருகிறது. தாயைத் தாக்கும் நோய்க்கும் அது அப்படியே ஆளாகிறது. கிடைத்த நல்ல கரும்பைக் கெடாமல் காக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதைவிட நல்ல கரும்பை உருவாக்க இதில் இடமே இல்லை.

தடித்துச் சாறு மிகுந்த கரும்பு நியூகினித் தீவில் பண்படுத்தப்பட்டு, மனிதர் கைமாற்றிய கரணைகளின் வழியே ஆசியாவெங்கும் பரவியது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததைப் புறநானூறு குறிப்பிடுகிறது. இத்தனை காலத்திலும் கரும்பு பூப்பதை யாரும் காணாமலில்லை. வெண்பட்டு போன்ற அதன் பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் இருக்கும். விதையோ கண்ணுக்கு எளிதில் அகப்படாத அளவு சிறியது; மெல்லிய இழைகளுக்குள் பொதிந்து காற்றோடு போய்விடும்; சாதாரண வெப்பத்தில் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனையும் இழந்துவிடும். அதனால் கரும்புக்கு விதை இல்லை என்ற எண்ணம் தோட்டக்காரர்களிடையே உறுதிப்பட்டிருந்தது.

அந்த எண்ணம் தகர்ந்தது 1888ஆம் ஆண்டையொட்டி. ஜாவாவில் சோல்ட்வெடலும், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசில் ஹாரிசனும் பொவெலும், ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாமல், விதையிலிருந்து கரும்பு நாற்றுகள் முளைப்பதை உறுதிப்படுத்தினர். ஜாவாவில் இதற்கு அவசரத் தேவையும் இருந்தது. அங்குப் பெருமளவில் பயிராகிவந்த கருஞ்செரிபோன் கரும்பைச் செரே என்னும் நோய் அழித்துக்கொண்டிருந்தது. நோயைத் தாங்கும் இயல்பைத் தேடிய ஆய்வாளர் கோபஸ், வட இந்தியாவின் சன்னி என்ற மெல்லிய கரும்பை ஜாவாவுக்குக் கொண்டுசென்று செரிபோனோடு கலந்தார். அடுத்த தலைமுறை ஆய்வாளரான யெஸ்வீட் இன்னும் துணிவான வழியை எடுத்தார். இனிப்பே இல்லாத காட்டு நாணலின் இரத்தம் கலந்த கலப்பினங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தடித்த கரும்போடு தலைமுறை தலைமுறையாக மீண்டும் மீண்டும் கலந்தார். நாணலின் உறுதி தங்க, அதன் நாரும் ஒல்லித்தன்மையும் குறைந்துகொண்டே வந்தன. 1921இல் இவ்வழியில் பிறந்த பி.ஓ.ஜே. 2878 என்ற இரகம் சில ஆண்டுகளிலேயே ஜாவாவின் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

இந்த முறை இவ்வளவு விரைவில் பலித்ததற்குக் கரும்பின் கருவுறுதலிலேயே ஒரு காரணம் உண்டு. பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் குரோமோசோம்களில் பாதியையே சந்ததிக்குத் தரும். தடித்த கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் அமையும்போது இந்த விதி மீறப்படுகிறது: தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுமையாகக் கொடுத்துவிடுகிறது. ஜாவாவில் பணியாற்றிய பிரெமர் இதைக் கண்டறிந்தார். 64 குரோமோசோம் கொண்ட நாணல் தன் பங்காக 32ஐ மட்டும் தர, சந்ததிக்கு 112 கிடைக்கிறது. இனிப்பான பெற்றோரின் பங்கு முதல் தலைமுறையிலேயே ஓங்கிவிடுவதால், நாணலின் வேண்டாத இயல்புகளைக் கழிக்கப் பல தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் இந்தியா ஜாவாவின் சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. கரும்புப் பரப்பின் பெரும்பகுதி வட இந்தியாவில் இருந்தும், அங்கே விளைந்தவை மெலிந்த, மகசூல் குறைந்த நாட்டுக் கரும்புகளே. தடித்த கரும்பு வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. கலப்பினம் உருவாக்கவும் அங்கே வழியில்லை: பகல் குறுகிக் கரும்பு பூக்கும் பருவத்தோடு குளிரும் வந்து மகரந்தத்தை மலடாக்கிவிடும். ஆகவே வடக்கின் வயல்களுக்கான கரும்பைத் தெற்கில் உருவாக்க முடிவாயிற்று. கரும்பு தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. தலைமை ஏற்றவர் தாவரவியலாளர் சி.ஏ. பார்பர், உதவியாளராகச் சேர்ந்தவர் தி.சு. வேங்கடராமன். இந்திய நாட்டுக் கரும்புகளைப் பார்பர் வகைப்படுத்திய உழைப்பின் நினைவாகவே அவற்றின் அறிவியல் பெயர் ‘பார்பெரி’ என அமைந்தது.

‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைக் கோயம்புத்தூர்ப் பகுதி நாணலோடு கலந்து பெற்றதுதான் கோ 205 என்ற இரகம். 1918இல் பஞ்சாபுக்கு வழங்கப்பட்ட இது, அங்கிருந்த காத்தா என்னும் நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. நாணலை நேரடித் தந்தையாகக் கொண்ட ஒரு கரும்பு வணிகப் பயிரானது ஒரு பெரும் திருப்பம். களையென்று ஒதுக்கப்பட்ட புல்லில் பயிரைக் காக்கும் வலு இருப்பதை அது உழவர் வயலிலேயே நிறுவியது.

கலப்புப் பணி பொறுமையைக் கேட்பது. ஒரே பூவில் சூலகமும் மகரந்தப் பைகளும் இருப்பதால், எது தாய், எது தந்தை என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். மகரந்தத்தை அயோடின் கரைசலில் இட்டால் மாவுச்சத்து நிறைந்த வளமான தூள் கருக்கும். மலட்டுத் தூள் நிறம் ஏறாது. மகரந்தம் மலடான கரும்பே தாயாவதற்கு ஏற்றது. ஒரே கலப்பில் பிறந்த ஆயிரம் நாற்றுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அவற்றிலிருந்து தேறும் ஓரிரண்டைக் கண்டெடுத்து வயல் சோதனைகளை முடிக்க 12 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன. தேர்ந்தெடுத்தபின் மட்டும் வேலை எளிது: கரணையே அதன் பண்புகளை மாறாமல் பரப்பிவிடும்.

பார்பருக்குப் பின் பொறுப்பேற்ற வேங்கடராமன், தடித்த கரும்பு, இந்திய நாட்டுக் கரும்பு, நாணல் ஆகிய மூன்றின் மரபையும் ஒன்றிணைத்தார். கோ 213 போன்ற இரகங்கள் கங்கைச் சமவெளியில் பரவின. 1932இல் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு கிடைத்தபோது ஆலைகள் மளமளவென்று பெருகியதற்கு இந்தக் கரும்புகளும் ஒரு காரணம். பி.ஓ.ஜே. 2878ஐயும் கோ 290ஐயும் கலந்து பெற்ற கோ 419 தென்னிந்தியாவில் நெடுங்காலம் கோலோச்சியது. கோயம்புத்தூரில் கலப்புச் செய்து தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு அனுப்பிய விதையிலிருந்து தேர்வான என்கோ 310 பல நாடுகளில் முதன்மை இரகமாக விளங்கியது. 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் நிலையத்தில் மரபியலாளராக இருந்த ஜானகி அம்மாள், கரும்பை மக்காச்சோளம் முதலிய பிற புல்லினங்களோடு கலந்து அவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். அக்கலப்புகள் வயலுக்கு வரவில்லை. கரும்பின் உறவு எவ்வளவு தொலைவுவரை செல்லும் என்பதை அவை காட்டின.

ஆயினும் கரணைவழிப் பெருக்கத்தின் பழைய ஆபத்து நீங்கவில்லை. 1930களின் இறுதியில் உத்தரப் பிரதேசம், பீகார் வயல்களில் செவ்வழுகல் நோய் புகுந்து கோ 213ஐ வீழ்த்தியது. எண்பதாண்டுக்குப் பின் அதே வரலாறு மீண்டது. கோயம்புத்தூர் நிலையத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009இல் வெளியான கோ 0238, விளைச்சலையும் ஆலைகளின் சர்க்கரைக் கட்டுமானத்தையும் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை விழுக்காடு) உயர்த்தி, உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பரவியது. செவ்வழுகல் பூஞ்சையின் புதிய வகை தோன்றியதும் அத்தனை பரப்பும் ஒருசேர ஆபத்துக்குள்ளானது. குறை இரகத்தினுடையது அன்று; ஒரே இரகத்தை மாநிலம் முழுவதும் நட்டதில்தான் குறை.

இன்று உலகில் பயிராகும் கரும்புகளில் பெரும்பாலானவை ஜாவாவிலும் கோயம்புத்தூரிலும் தொடக்கத்தில் பயன்பட்ட ஒருசில பெற்றோரின் வழிவந்தவை. இந்தக் குறுகிய அடித்தளத்தை விரிவாக்கும் பொருள், உலகக் கரும்பு வகைகளைத் திரட்டி 1962 முதல் கேரளத்தின் கண்ணூரில் பேணிவரும் தொகுப்பில் இருக்கிறது. உலகில் இத்தகைய பெருந்தொகுப்புகள் இரண்டே. மற்றொன்று அமெரிக்காவின் மயாமியில் உள்ளது. புதிய இரகங்களுக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்கேனும் இந்தத் தொகுப்பைக் காக்கும் பணிக்கு நிதியாகவும் ஆளாகவும் கிடைக்க வேண்டும்.