வலி விதியன்று!

வலி தலையெழுத்து என்றனர். முன்வினைப் பயன் என்றனர். பொறுத்துக்கொள்வதே புண்ணியம் என்றனர். சொன்னவர்கள் பெரும்பாலும் வலிக்கு ஆளாகாதவர்கள்! வலிக்கு ஆளானவனோ அறுவைக் கத்தியின்கீழ் அலறினான். ஆட்கள் நால்வர் அவன் கைகால்களை அழுத்திப் பிடித்தனர். எவ்வளவு விரைவில் அறுத்து முடிக்கிறார் என்பதே மருத்துவரின் திறமைக்கு அளவுகோலாக இருந்தது. அறுக்குமுன் மது கொடுக்கச் சொன்னது சுசுருத சங்கிதை. அபினியையும் உலகம் அறிந்திருந்தது. எனினும் வலியை முற்றாக வெல்லலாம் என்ற துணிவு பிறக்கவில்லை.

அத்துணிவு பிறந்த நாள் 1846 அக்டோபர் 16. போஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை நுகரச் செய்தார். வாரன் என்ற அறுவை மருத்துவர் நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். அலறல் எழவில்லை! அச்செய்தி கப்பலேறி வந்து, 1847 மார்ச்சுத் திங்களிலேயே கல்கத்தாவில் ஈதர் கையாளப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோ நகரத்துச் சிம்சன், குளோரோபாரத்தின் ஆற்றலைக் கண்டார். பிள்ளைப்பேற்று வேதனையைத் தணிக்க அதைக் கொடுத்தார். உடனே சமயத்தின் பெயரால் மறுப்பு எழுந்தது. பெண் வேதனைப்பட்டுப் பெறவேண்டும் என்பது ஆண்டவன் கட்டளையாம்! சிம்சன் அந்த வேதநூலையே எடுத்துக்காட்டினார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவன் அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தவில்லையா? 1853இல் விக்டோரியா அரசியே ஜான் சுனோவின் கையால் குளோரோபாரம் பெற்றுப் பிள்ளை ஈன்றார். அரண்மனை ஏற்ற பின் மறுப்பின் குரல் தாழ்ந்தது. ஏழைத் தாயின் கதறல் அசைக்காததை அரசியின் ஒரு பேறுகாலம் அசைத்தது!

குளோரோபாரம் வலியை நீக்கியது. சிலரது உயிரையும் நீக்கியது. ஏன்? விடை தேடி, நிஜாமின் பொருளுதவியோடு 1888, 1889 ஆண்டுகளில் ஐதராபாத்தில் ஆய்வுக் குழுக்கள் கூடின. மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு இடரில்லை என்று அவை முடிவு கூறின. உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் எனப் போற்றப்படும் ரூபா பாய் பர்தூன்ஜி பணியாற்றியதும் அந்நகரில்தான். ஆனால் 1911இல் லெவி என்பார், குளோரோபாரம் இதயத்தையே திடுமென நிறுத்தவல்லது என்று மெய்ப்பித்தார். பெரியோர் குழு கூறியதாயினும் சோதனைக்கு முன் நிற்காவிடில் சாயவேண்டியதே. அதுவன்றோ அறிவியல்!

மருத்துவருலகிலும் மூடநம்பிக்கை உண்டு. பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாதென நம்பி, போதிய வலிநீக்கியின்றி அறுத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. அக்குழந்தைகளின் உடலும் வலியால் சீர்குலைகிறது என்பதை 1987இல் ஆனந்த் என்ற இந்திய மருத்துவர் ஆக்சுபோர்டு ஆய்வால் காட்டினார். உலக வலி ஆய்வுக் கழகம் 2020இல் திருத்திய இலக்கணமும் அதையே வலியுறுத்துகிறது: சொல்ல இயலாதவனுக்கு வலியில்லை என்று கொள்ளாதே, சொல்பவன் சொல்லை மதி.

இந்த வரலாறு விருதுநகர் மாவட்டத்துக்கு எதற்கு? சிவகாசிக்கு எதற்கு? வேறெங்கும் விட அங்கேதான் தேவை! 1920களில் தீப்பெட்டியோடு தொடங்கிய தொழில், நாட்டின் விழாக்களுக்கு வெடியும் மத்தாப்பும் வழங்கும் தொழிலாக வளர்ந்தது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். மாண்டவர் எண்ணிக்கையை ஏடுகள் அச்சிடுகின்றன. பிழைத்தவர் படும் பாட்டை யார் எண்ணுகிறார்?

தீப்புண்ணின் வலி இருவகை. ஓயாது எரியும் வலி ஒன்று. கட்டு மாற்றும்போதும், இறந்த தோலைச் சுரண்டிக் கழுவும்போதும் துடிக்கவைக்கும் வலி மற்றொன்று. முதல் வலியை வேளை தவறாத மருந்து தணிக்கும். இரண்டாவதற்குத் தனி மருந்து வேண்டும். 1962இல் உருவாக்கப்பட்ட கீட்டமைன், மூச்சைப் பெரிதும் அடக்காமலே வலியை மறக்கச் செய்வதால் கட்டு மாற்றும் வேளைக்கு ஏற்றது. ஆனால் இதற்குத் தேர்ந்த கை வேண்டும். தீக்காயம் பட்டு ஓரிரு நாள் கழிந்தபின் தசைதளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தைக் கொடுத்தால், தசையிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் பெருகி இதயம் நின்றுவிடக்கூடும். கழுத்துத் தழும்பு இறுகியவனுக்கு மூச்சுக்குழாய் செலுத்துவதே போராட்டம். மயக்க மருத்துவர் தூங்கவைப்பவர் மட்டுமல்லர். உயிரைக் காவல் காப்பவர்.

மற்றொரு வெட்கக்கேடும் உண்டு. மருத்துவத்துக்கென அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதியும் செய்யும் நாடு இந்தியா. அந்த அபினியிலிருந்துதான் மார்ஃபின் கிடைக்கிறது. ஆயினும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் விதித்த பல்வேறு உரிமச் சிக்கல்களால், மருத்துவமனைகளில் மார்ஃபின் பயன்பாடு அடுத்த பத்தாண்டுகளில் வெகுவாகச் சரிந்தது. கடத்தல்காரனுக்கு விரித்த வலையில் நோயாளி சிக்கினான்! 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கத்தின் முன்னோடியான மயக்க மருத்துவர் ராஜகோபால் போன்றோர் நெடுங்காலம் போராடினர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதாயிற்று. அமெரிக்காவில் இவ்வகை மருந்துகளைக் கட்டின்றி விற்றதால் நேர்ந்த சாவுகளையும் நாம் மறக்கவில்லை. அளந்து கொடு, கண்காணித்துக் கொடு என்பதே அதன் பாடம். கொடுக்காதே என்பதன்று.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வலிதணிப்புப் பணியை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது. 2022 சனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. இவை நல்ல தொடக்கங்கள்.

இளைஞர்களே! விபத்து நடந்ததும் இழப்பீடு கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதோடு இவற்றையும் கேளுங்கள்: தீப்புண் பிரிவில் காய்ச்சலை அளப்பதுபோல் வலியையும் அளந்து எழுதுகிறார்களா? மார்ஃபின் இருப்பில் உள்ளதா? கட்டு மாற்றும் வேளையில் மயக்க மருத்துவர் அருகில் உள்ளாரா? வீடு திரும்பியவனின் நரம்பு வலிக்கும் அரிப்புக்கும் தொடர் மருத்துவம் உண்டா? கருந்தூள் நெருப்பைக் கண்டால் வெடிக்கும். அதில் விதி ஏதுமில்லை. வெந்த உடல் வலிக்கும். அதிலும் விதி ஏதுமில்லை. மருந்திருந்தும் ஒருவன் துடிக்கிறான் என்றால், அதற்குக் காரணம் மனிதரின் அலட்சியமே. மனிதர் செய்ததை மனிதரே மாற்றலாம்.