வாடகை பாக்கியும் வரிப்பணமும்: மர்பி டவுனிலிருந்து சென்னை வரை

பெங்களூரு அல்சூரை அடுத்த மர்பி டவுனுக்கு முன்பு நாக்ஸ்பேட்டை என்று பெயர். கண்டோன்மென்ட் நிர்வாகத்தின் பொறியாளர் மர்பியின் பெயரை இன்று தாங்கும் இவ்விடம், எளியோருக்கெனத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட குடியிருப்பு. 1898ஆம் ஆண்டின் பிளேக், சேரியில் தோன்றும் நோய் பங்களா வாசலில் நின்றுவிடாது என்பதை ஆள்வோருக்கு உணர்த்தியிருந்தது. அதன்பின் ஏழையின் வீட்டுக்குச் செலவிட்ட பொதுப்பணத்தை ஈகை என்று மட்டும் சொல்லிவிட முடியாது; அதில் கொடுத்தவரின் தன்னலமும் கலந்திருந்தது.

அப்பணத்தை யார் தருவது? 1920களில் பம்பாய் அரசு, பருத்திப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் தீர்வை விதித்துத் தொழிலாளர் சால்களைக் கட்டியது. வியன்னா நகராட்சி 1923இல் வீட்டுவசதிக்கெனத் தனி வரியே விதித்தது. பெரிய வீட்டுக்காரர் மிகுதியாகச் செலுத்தினர்.

சென்னையின் கதை வேறு. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டிச் சொற்ப வாடகைக்கு அளித்தது. அந்த வாடகையும் ஒழுங்காக வசூலாகவில்லை. வசூல் குறைந்ததால் பராமரிப்பு குன்றியது; கூரை ஒழுகும் வீட்டுக்கு எதற்கு வாடகை என்று குடியிருப்போர் கேட்டனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் மாதந்தோறும் தவறாது கட்டிய அண்டை வீட்டாரே முதலில் ஏமாந்தவர் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். வரி செலுத்துவோர் என்று தனியொரு வகுப்பினரைப் பிரித்துக் காட்டுவதும் பொருந்தாது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துபவரே.

1977இல் உலக வங்கிக் கடனுடன் வந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், செலவிட்டதைத் திரும்பப் பெறும் கொள்கையை வற்புறுத்தியது. அடுக்குமாடிக்கு மாறாக, அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தவணைக்கு வழங்கப்பட்டன. சொந்தமாகப் போகும் மனைக்கு மக்கள் வயிற்றைக் கட்டியேனும் பணம் கட்டுவர் என்பது கணக்கு. அக்கணக்கு முழுவதும் பொய்யன்று. குடிசைப்பகுதி மேம்பாட்டில் மட்டும் தவணை வசூல் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஏற்கெனவே அவ்விடத்தில் வாழ்ந்தவருக்கு, தம் நிலத்தையே தமக்கு விற்பதாகத் தோன்றியது போலும்.

2021இல் வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தவணை முழுவதும் கட்டினால்தான் கிரயப் பத்திரம் என்பது விதி. ஆனால், நிலம் இன்னும் வாரியத்தின் பெயருக்கு மாறாத திட்டப்பகுதிகளில், ஒரு காசும் பாக்கியின்றிக் கட்டி முடித்தவர்களும் பத்திரமின்றிக் காத்திருக்கின்றனர்.