லயத்துக்கு மாற்றாக வந்த ஜீப்

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய கமாண்டர் ஜீப் ஒன்று இனித் தேறாது என்றாகிவிட்டால், அடுத்து எதை வாங்குவது என்பது பட்டறையில் நாள் கணக்கில் பேசித் தீராத விஷயம். பொலேரோவா, ட்ராக்ஸ் குரூசரா, இல்லை எங்காவது நல்ல நிலையில் கிடக்கும் இன்னொரு பழைய ஜீப்பையே தேடிப் பிடிப்பதா? மைலேஜ், பட்டை, கியர், உதிரிபாகம், எத்தனை பேர் உட்காரலாம் என்று பேச்சு நீளும். இந்த மலைச்சரிவில் வண்டி மாறிய ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு கணக்கு போடப்பட்டிருக்கிறது. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் கதை அவ்வளவு சரியாக இல்லை. பொதிமாட்டுக்கும் கழுதைக்கும் மாற்றாக ஜீப் வந்தது என்பார்கள். சரக்கைப் பொறுத்தவரை அது சரி. ஆளைப் பொறுத்தவரை ஜீப் பிடித்துக்கொண்டது லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் இடத்தை. தொழிலாளி மலையில் தங்க ஒரு கூரை போட்டுக் கொடுக்கும் செலவு, தினமும் ஏற்றி இறக்கும் வண்டி வாடகையாக மாறியது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இன்றைய பட்டறைப் பேச்சும் புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையில் போக்குவரத்து என்றால் சரக்குதான். ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். ஆனால் அதற்குச் சுருக்கு வழி கிழக்கே, பாண்டி நாட்டுப் பக்கம் இருந்தது. மேற்கே நாள் கணக்கில் காடும் ஆறும். கிழக்கே செங்குத்தாக இருந்தாலும் ஒரே பகலில் ஏறிவிடக்கூடிய மெட்டுகள்: போடிமெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்துமெட்டு, தெற்கே கம்பம்மெட்டு. அரிசியும் உப்பும் துணியும் மேலே போயின, ஏலக்காய் கீழே வந்தது. ஏலக்காய் எடை குறைந்த, விலை கூடிய சரக்கு. ஒரு மூட்டையைத் தலைச்சுமையாகவோ மாட்டு முதுகிலோ இறக்கினாலும் கூலி கட்டுபடியாகும். அதனால் ஏலத்துக்கென்று சாலை போட வேண்டிய நெருக்கடி யாருக்கும் வரவில்லை. சமஸ்தானத்தின் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே பின்னால் தேயிலை வந்த பிறகுதான் எந்திரங்கள் மலையேறின. பெட்டி பெட்டியாக இறக்க வேண்டிய தேயிலையை மாட்டை நம்பி வளர்க்க முடியாது.

அந்த எந்திரங்களின் கதை விசித்திரமானது. 1902-ல் மூணாறிலிருந்து குண்டலா பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றைப் போட்டார்கள், இழுத்தது மாடு. 1908-ல் அதை இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றி நீராவி இஞ்சின் ஓட்டினார்கள். அது வந்து நின்ற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணி அடிவாரத்தில் இருக்கும் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு வண்டியில் போடி, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். இரண்டு மலையூர்களுக்கு டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று இன்றும் பெயர் இருப்பதற்கு ரயில் காரணமில்லை, இந்தக் கம்பிவடம்தான் காரணம். 1924 ஜூலை பெருவெள்ளம் மேலே இருந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. நான்கு வருஷம் கழித்து, 1928 நவம்பரில், மதுரையிலிருந்து ரயில் போடிக்கு வந்து சேர்ந்தது. மேலே அறுந்துபோன பிறகு கீழே ஒட்டவைத்த கதை. பிறகு மூணாறு தேயிலை மேற்கே ஆலுவா பக்கம் திரும்பத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் போடித் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள்.

இந்த ஏற்பாடுகளில் எதுவும் கூலியாளைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்குவதற்காக வந்ததில்லை. கங்காணி ஊரில் ஆள் பிடித்தார், முன்பணம் கொடுத்தார், கூட்டமாக நடத்திக்கொண்டு போனார். மலைக்குப் போனவர்கள் லயத்தில் தங்கினார்கள். திருவிழாவுக்கோ சாவுக்கோ இறங்கினார்கள். முதலாளிக்குப் போக்குவரத்துச் செலவு என்று தனியாக ஒன்று இல்லை, வீட்டுச் செலவு இருந்தது.

ஜீப் இந்தக் கணக்கைக் கலைத்தது. போருக்குப் பின் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாய் மசகானில் பூட்டத் தொடங்கியது. முதல் வண்டி 1949-ல் வெளிவந்தது. பெட்ரோல் குடிக்கும் அந்தப் பழைய வண்டிகள் தோட்டத்துரைகளுக்கும் அரசு அதிகாரிகளுக்கும்தான் கட்டுபடியாயின. டீசல் இஞ்சின் பொருத்திய ஜீப்புகள் பரவலான பிறகே பத்துப் பதினைந்து கூலியாட்களுக்காக ஒரு வண்டி மலையேறுவது லாபக் கணக்குக்குள் வந்தது. சட்டத்தின் பக்கம் இன்னொன்றும் நடந்தது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா தோட்டங்களில் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஏலம் அந்தப் பட்டியலில் ஏறியது 1981 திருத்தத்தில்தான்; அதுவும் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேராவது வேலை பார்க்கும் தோட்டங்களுக்கு மட்டும். ஏலமலையில் பெரும்பாலும் சிறு தோட்டங்கள். அவற்றில் வீடு கட்டச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, தினம் ஆளைக் கொண்டுவந்து இறக்க ஜீப்பும் கிடைத்தது.

ஏலச்செடியின் இயல்பும் இதற்கு ஒத்துழைத்தது. தேயிலைக் கொழுந்தை வருஷம் முழுக்கக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஏலக்காய் அப்படியில்லை. தூரிலிருந்து தரையோடு படர்ந்து ஓடும் சரத்தில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிப் பனிக்காலம் முடியும்வரை சில வார இடைவெளியில் ரவுண்டு ரவுண்டாக எடுப்பார்கள். குனிந்தோ குத்த வைத்தோ, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். ஒரு தோட்டத்துக்கு ஒரு ரவுண்டில் நிறையப் பேர் வேண்டும், அடுத்த ரவுண்டு வரை அத்தனை பேர் வேண்டாம். இப்படிப்பட்ட வேலைக்கு வருஷம் பூராவும் குடும்பங்களைக் குடிவைப்பதைவிட, இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு தோட்டம் என்று ஆட்களைக் கொண்டுபோய் விடும் வண்டி தோதானது. ஞள்ளானி போன்ற அதிக விளைச்சல் ரகங்கள் 1990-களில் பரவியபோது காய் எடுப்புக்கு ஆள் தேவை இன்னும் கூடியது. ஜீப் ஓட்டுபவரே ஆள் சேர்த்துக் கொடுப்பவராகவும் ஆனார். ஒரு வகையில் பழைய கங்காணிதான், ஸ்டியரிங் பிடித்திருக்கிறார்.

வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே கணக்கு தெரியும். இரண்டு பக்கமும் நீளவாக்கில் பெஞ்சு. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். நடுவில் மிச்சமிருக்கும் ஒரு முழ இடத்திலும் ஒருவர் ஒடுங்கிக்கொள்வார். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலடியில் தூக்குவாளி, ஈரத்துக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். பொழுது விடியுமுன் புறப்படும் வண்டி முந்தல் தாண்டியதும் ஏற்றம் பிடிக்கும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். குட்டை ஜீப் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். நீள வண்டி எதிர்ப்பக்கத்தையும் பிடித்துக்கொண்டுதான் திரும்பும். உண்மையான சோதனை மெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்த பிறகு. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தார்ச்சாலையில் போய், அதை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கும் பாதையில் கல்லும் சேறும் மட்டுமே. தென்மேற்குப் பருவமழையில் அங்கே ஃபோர் வீலைப் போடாமல் நகர முடியாது.

கமாண்டர் போன்ற வண்டிகளின் தயாரிப்பு 2010 வாக்கில் நின்றது. புகை விதிகள் இறுகியதும் அந்தப் பழைய இஞ்சின்களுக்குக் காலம் முடிந்தது. அவற்றின் வாரிசாக வந்த தார், வேறு ஆளைப் பார்த்துச் செய்யப்பட்ட வண்டி. 2020-ல் வந்த புது மாதிரியில் இப்போது எல்லா இருக்கையும் முன்பக்கம் பார்த்தவை, மொத்தம் நாலு பேர். வார இறுதியில் மலை பார்க்க வருபவருக்கு அருமை. காய் எடுக்கப் போகிறவருக்கு அதில் இடமே இல்லை. ஏழு பேருக்கான பொலேரோ கட்டுறுதி, எந்தப் பட்டறையிலும் வேலை பார்த்துவிடலாம், ஆனால் இன்று வரும் பயணிகள் பொலேரோ பின்சக்கரத்தில் மட்டும் இழுக்கும். ட்ராக்ஸ் குரூசரில் ஓட்டுநரோடு 13 பேர் வரை முறையாக உட்காரலாம், நீளம்தான் தோட்டப் பாதையில் இடிக்கும். ஆகவே தலைக்கு ஆகும் செலவு, வளைவு, சேறு மூன்றுக்கும் ஒருசேர ஈடுகொடுக்கும் புது வண்டி கடையில் கிடையாது. பழைய ஜீப்புகளை மறுபடி மறுபடி உயிர்ப்பித்து ஓட்டுவதைப் பழமைப் பிடிவாதம் என்று சொல்வது நியாயமில்லை.

சாலை நன்றாகிவிட்டதே, பஸ் விட்டால் போதாதா என்று கேட்கலாம். மூணாறு–போடிமெட்டு சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது; 2010-ன் கடைசி நாளோடு நின்ற போடி ரயிலும் அகலப்பாதையில் 2023 ஜூனில் திரும்பி வந்துவிட்டது. நெடுஞ்சாலை வரை பஸ் சரிதான். ஆனால் பஸ் இறக்கிவிடும் இடத்துக்கும் காய் இருக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள சில கிலோமீட்டர்தான் ஜீப்பை வைத்திருக்கிறது. பொதுச்சாலை அரசின் பொறுப்பு. தோட்டப் பாதை யார் பொறுப்பு என்பதற்கு விடை இல்லை. போடிக்கு மேலே உள்ள சில மலைக் கிராமங்களுக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையில்தான் போகிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், புது வண்டி வந்ததும் பழையது ஒழியும் என்ற விதி இங்கே செல்லாது என்பது புரியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. லயம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஒற்றை அறையில் அட்டையும் குளிருமாக, கங்காணியின் கண்பார்வையில் கிடப்பதைவிட, சாயங்காலம் சொந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது மேல், பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், கேரளத்தில் கூலியும் கூடுதல், ஆகவே ஜீப் தொழிலாளி தானே தேர்ந்துகொண்டது என்பார்கள். இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பாகப் பெண்களுக்கு அது விடுதலைதான். ஆனால் தேர்வு அவர்களுடையது என்பதால் செலவும் அவர்கள் தலையில் விழ வேண்டும் என்று ஆகாது. லயம் இருந்தபோது கூரை முதலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. இப்போது வண்டி வாடகை அவர் கணக்கில் இருந்தாலும், போகவர ஆகும் மணிநேரங்களும், நெரிசலும், வளைவில் காத்திருக்கும் ஆபத்தும் எந்தக் கணக்கிலும் எழுதப்படாமல் தொழிலாளியிடம் தங்கிவிட்டன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறின் கொந்தளிப்பில் தமிழக–கேரள எல்லை மூடிக்கொண்டபோதும், 2020 ஊரடங்கிலும், ஜீப் நின்றதும் ஒரு பக்கம் கூலி நின்றது, மறுபக்கம் தோட்டம் ஆளில்லாமல் நின்றது. லயத்தில் குடியிருந்தவர்களுக்கு அப்படி ஒரே இரவில் வேலை அறுந்துபோகாது.

நெரிசலுக்கு ஓட்டுநரின் பேராசைதான் காரணம், அபராதம் போட்டால் சரியாகும் என்பது மூன்றாவது வாதம். சோதனைச் சாவடியில் கெடுபிடி நடக்கும் சில நாட்களில் ஆள் குறைவதும், பிறகு பழையபடி ஏறுவதும் ஊர் அறிந்தது. டிரிப்புக்கு இவ்வளவு என்று வாடகை பேசிவிட்டால் ஏழு பேரோடு போவதற்கும் பதினைந்து பேரோடு போவதற்கும் டீசல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, வேலையில் இரண்டு பங்கு வித்தியாசம். அபராதம் ஓட்டுநரைப் பிடிக்கிறது. லாபம் அவரோடு நிற்பதில்லை.

இங்கே சட்டம் ஓர் அடி நகர்ந்திருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதச் சொல்கிறது. இது ஏலமலையில் முறையாகப் பிடித்துக்கொண்டால் பட்டறைப் பேச்சின் திசை மாறும். ஜீப் கவிழ்ந்தால் நஷ்டஈடு தன் கணக்குக்கு வரும் என்று தெரிந்த தோட்டக்காரர், வண்டியின் பெர்மிட்டையும் இன்சூரன்ஸையும் இருக்கை எண்ணிக்கையையும் தானே கேட்பார். அப்போது 13 பேர் முறையாக உட்காரும் நீள வண்டி மலிவாகத் தோன்றும். அது திரும்புவதற்காகத் தோட்டப் பாதையின் வளைவை வெட்டி அகலப்படுத்தும் செலவை, பக்கத்துத் தோட்டக்காரரோடு பாதிப் பாதியாகப் பேசி முடிக்க வேண்டியிருக்கும்.