முக்குக்கடையின் நற்பெயர் எவ்வளவு?

பி.காம். படித்தவர்களுக்கு 'நற்பெயர்' என்ற சொல் மறந்திருக்காது. கூட்டாளி சேர்ந்தால் நற்பெயர், விலகினால் நற்பெயர், இறந்தால் நற்பெயர் என்று உயிரை வாங்கும் பாடம் அது. அதற்கு விளக்கம் சொல்ல வரும்போது பாடப்புத்தகங்கள் எல்டன் பிரபு என்ற ஆங்கிலேய நீதிபதியை அழைத்து வரும். பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்ற வாய்ப்புதான் நற்பெயர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று 1810-ல் ஒரு வழக்கில் அவர் சொன்னார். நானும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பழைய இடத்தையே இடித்துவிட்டு, பழைய வாடிக்கையாளர்களையும் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் கணக்கு என்ன ஆகும்? வகுப்பில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சால்ஃபோர்டு நகரத்துக் கடைகளைப் பற்றிப் படித்தபோதுதான் தோன்றியது.

சால்ஃபோர்டு என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. மான்செஸ்டர் என்றால் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இர்வெல் என்ற ஆறுதான் ஓடுகிறது. பருத்தி ஆலைகள், இயந்திரப் பட்டறைகள், 1894-ல் திறந்த கப்பல் கால்வாயின் துறைமுகம் எல்லாம் சேர்ந்து அதைப் பெரிய தொழிலாளர் ஊராக்கின. நகரம் என்ற அந்தஸ்து 1926-ல்தான் கிடைத்தது. ஆலைகளை ஒட்டி வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், தெரு முக்கில் ஒரு கடை. இதுதான் அந்த ஊரின் முகம்.

அப்படியொரு முக்குக்கடையில் 1905-ல் பிறந்தவர் ராபர்ட் ராபர்ட்ஸ். அப்பா பட்டறைத் தொழிலாளி, குடிப்பவர். கடையை நடத்தியது அம்மா. ராபர்ட்ஸ் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போய், பின்னாளில் ஆசிரியராகி, மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் எழுதப் படிக்கத் தெரியாத கைதிகளுக்குப் பாடம் நடத்தினார். தன் சிறுவயதுத் தெருவைப் பற்றி அவர் எழுதிய 'தி கிளாசிக் ஸ்லம்' 1971-ல் வெளிவந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்த பையன் எழுதிய வரலாறு என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

முதல் உலகப் போருக்கு முன் அவருடைய பேட்டையில் சுமார் முப்பது தெருக்கள், மூவாயிரம் மக்கள். அதற்குள் இருந்த கடைகளைப் பாருங்கள்: பதினைந்து பீர் கடைகள் (ஆமாம், பதினைந்து!), ஒன்பது மளிகைக் கடைகள், மூன்று காய்கறிக் கடைகள், மரத்தால் அடிப்பாகம் வைத்த காலணி செய்பவர் மூவர், மாட்டுக் குடல் வேகவைத்து விற்கும் கடை இரண்டு, அடகுக்கடை இரண்டு. ஒன்பது மளிகைக் கடை என்றால் கடைக்கு முந்நூற்றுச் சொச்சம் பேர்தான் வருகிறார்கள். அதிலும் தேயிலை ஒரு அவுன்ஸ், ரொட்டி பாதி என்று வாங்குகிறவர்கள். லாபம் எங்கிருந்து வரும்? ஆனாலும் கடை நின்றது. காரணம், கடன்.

அங்கே இந்தக் கடனுக்கு 'டிக்' என்று பெயர். சனிக்கிழமை சம்பளம் வரும், பாக்கி தீரும். செவ்வாய் புதனில் வீட்டில் ஒன்றுமிருக்காது, மறுபடி நோட்டில் ஏறும். ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது. கேட்க வருவது எப்போதும் வீட்டுப் பெண்தான், ஆண் வரமாட்டான். அவள் நிற்கும்போதே ராபர்ட்ஸின் அம்மா மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார். எத்தனை வயிறு? புருஷன் குடிப்பவனா? வேலைக்கு நேரத்துக்குப் போகிறவனா? அடகுக்கடையில் ஏற்கெனவே எவ்வளவு சிக்கியிருக்கிறது? சொந்தக்காரர்கள் ஒழுங்காகக் கடன் அடைப்பவர்களா? வேறு கடையில் ஏமாற்றிவிட்டு இங்கே வந்திருக்கிறாளா? இதெல்லாம் சரி. இன்னொரு கேள்வியும் உண்டு: வீட்டில் காசநோய் இருக்கிறதா? ஒருவரைப் பிடித்தால் அடுத்தவரையும் பிடிக்கும், அடுத்தவர் சம்பாதிப்பவராக இருந்துவிட்டால் பாக்கி போயிற்று.

எல்லாம் தேறினால் வாரத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஷில்லிங் வரை சாமான். அதிலும் பிஸ்கட், வேகவைத்த பன்றிக்கறி மாதிரி ஆடம்பரம் எதுவும் கடனுக்குக் கிடையாது.

வங்கிகள் கடன் கொடுக்குமுன் குணம், திறன், மூலதனம், பிணை, சூழ்நிலை என்று ஐந்தைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள். அந்தம்மா அதையெல்லாம் மாவுப் பையைக் கட்டிக்கொண்டே செய்திருக்கிறார். ஆனால் வங்கி மேலாளருக்கு விண்ணப்பதாரர் ஒரு காகிதம். இவருக்கோ எதிர்வீட்டுக்காரி. இல்லை என்று சொன்னால் அந்தக் குழந்தைகள் அன்றிரவு என்ன சாப்பிடும் என்பது இவருக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போனால் தன் குழந்தைகளின் கதி என்ன என்பதும் தெரியும். காசநோய்க் கேள்வியைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கடையின் வாராக்கடனை யார் ஏற்பது என்று யோசித்தேன். அந்தம்மாவைத் தவிர யாருமில்லை. கோபம் போய்விட்டது, ஆனால் நிம்மதியும் வரவில்லை.

டிக் கிடைக்காதவர்களுக்கு, கிடைத்தும் போதாதவர்களுக்கு, அடகுக்கடை. சால்ஃபோர்டின் ஹேங்கி பார்க் பகுதியில் பிறந்த வால்டர் கிரீன்வுட் சிறுவயதில் அடகுக்கடையில் வேலை பார்த்தவர். 1933-ல் வந்த அவருடைய 'லவ் ஆன் தி டோல்' நாவலின் நாயகனும் அடகுக்கடைப் பையனாகத்தான் தொடங்குகிறான். திங்கட்கிழமை காலை ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு அடகுக்குப் போகும், சனிக்கிழமை திரும்பும், திங்களன்று மறுபடி போகும்.

இதன் வட்டியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (படிப்பு வேறு எதற்கு!). 1872-ம் ஆண்டு அடகுச் சட்டப்படி சிறு கடன்களில் ஒவ்வொரு 2 ஷில்லிங்குக்கும் மாதம் அரைப் பென்னி வட்டி, சீட்டுக்கு அரைப் பென்னி. 2 ஷில்லிங் என்றால் அன்றைய கணக்கில் 24 பென்ஸ். ஐந்தே நாளில் மீட்டாலும் முழு மாத வட்டி உண்டு. ஆக, 24 பென்ஸ் வாங்க வாரம் 1 பென்னி. வருஷம் முழுக்க இப்படியே ஓடினால் 52 பென்ஸ். ஆண்டு வட்டி 216 சதவீதத்துக்கு மேல்! பார்க்க அரைப் பென்னிதான்.

மலிவான வழி இல்லாமல் இல்லை. பக்கத்து ஊரான ராச்டேலில் 1844-ல் தொழிலாளிகளே தொடங்கிய கூட்டுறவுக் கடையைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த முறை வட இங்கிலாந்து முழுக்கப் பரவியது. சுத்தமான சாமான், சரியான எடை, வாங்கியதற்கு ஏற்ப லாபத்தில் பங்கு. கடைக்கு ஓடும் குழந்தை அம்மாவின் உறுப்பினர் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும், தப்பினால் பங்கு போய்விடும். அதனால்தான் அந்தப் பக்கத்து வயதானவர்கள் பலர், கடை மூடி எத்தனையோ காலமான பிறகும், அம்மாவின் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாம் சரி, ஆனால் ராச்டேல் கொள்கைப்படி ரொக்கம் மட்டும்தான். கையில் காசில்லாதவளுக்கு அங்கே இடமில்லை. பங்கு வாங்கியது ஓரளவு நிலையான சம்பளக்காரர் குடும்பம். அடிமட்ட ஏழை முக்குக்கடையில் அவுன்ஸ் கணக்கில், கூடுதல் விலையில் வாங்கினார். கூட்டுறவுப் பாடத்தில் இந்தப் பகுதியைக் கொஞ்சம் சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சால்ஃபோர்டு மாநகராட்சி பழைய தெருக்களை இடிக்கத் தொடங்கியது. ஹேங்கி பார்க் 1960-களில் மறைந்தது. அங்கே உயர்ந்த அடுக்குமாடிகளும் ஒரு வணிக வளாகமும் வந்தன. மக்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே வெளியூரில், லிட்டில் ஹல்ட்டன் போன்ற இடங்களில் கட்டிய புது வீடுகளுக்குப் போயிருந்தார்கள். குளியலறையும் வீட்டுக்குள் கழிப்பறையும் கிடைத்தன, அதைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் கடைக்காரருக்கு? குடியிருக்கத் தகுதியற்றது என்று முத்திரை விழுந்த கட்டடத்துக்கு மனை விலை மட்டும்தான் என்பது பொது விதி. வியாபார நஷ்டத்துக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று 1957-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இடம்கொடுத்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் வைத்திருந்த உண்மையான சொத்து, எந்த வீட்டில் யார் எப்படி என்ற முப்பது வருஷத்து அறிவு. அதை எந்த ஐந்தொகையிலும் எழுத முடியாது, புதுத் தெருவுக்குக் கொண்டுபோகவும் முடியாது. இடிக்காமல் தப்பிய கடைகளுக்கு 1964-ல் வேறு இடி விழுந்தது. உற்பத்தியாளர் சொன்ன விலையில்தான் விற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்த ஆண்டுச் சட்டம் பெரும்பாலான பொருள்களுக்கு ஒழித்துக்கட்ட, சூப்பர் மார்க்கெட்டுகள் விலையைக் குறைத்தன.

நல்லவேளையாகச் சிலர் பதிவு செய்தார்கள். சால்ஃபோர்டில் பிறந்த ஷெர்லி பேக்கர் என்ற புகைப்படக்காரர் 1960 முதல் இருபது ஆண்டுகள் அந்தத் தெருக்களைப் படமெடுத்தார். நகர அருங்காட்சியகம் இடிபடும் கடைகளின் முகப்புகளைப் பெயர்த்து வந்து, 1957-ல் லார்க் ஹில் பிளேஸ் என்று ஒரு முழுத் தெருவையே கட்டடத்துக்குள் அமைத்தது. அங்கே கடையின் முகப்பு பத்திரமாக இருக்கிறது. என் மாதிரி ஆள் தேடுவது கல்லாவுக்கடியில் இருந்த பாக்கி நோட்டை.

1960 டிசம்பர் 9 அன்று 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. சால்ஃபோர்டின் ஆர்ச்சி ஸ்ட்ரீட்டை மாதிரியாக வைத்து அமைத்த தெரு அது. முதல் காட்சியே முக்குக்கடையில்தான். கடையை விற்றுவிட்டுப் போகும் அம்மா, வாங்கியிருக்கும் புது அம்மாவிடம் தெருவில் யார் யார் எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார். எல்டன் பிரபுவின் நற்பெயர் கைமாறுவதை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நிஜமான ஆர்ச்சி ஸ்ட்ரீட்டை 1970-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள்.