கோழிப்பட்டி மின்வேலி

கோழிப்பட்டி மின்வேலி என்பது, புறக்கடையில் திரியும் கோழிகளைத் தரைவழியே வரும் விலங்குகளிடமிருந்து காக்க, மின்துடிப்பு ஓடும் கம்பிகளாலோ வலையாலோ போடப்படும் வேலி. நாய், நரி, கீரி, மரநாய், காட்டுப்பூனை ஆகியவற்றுக்கு எதிராக இது பயன்படுகிறது. மேலைநாடுகளில் செந்நரி, ரக்கூன், கரடி வரைக்கும் இதை நம்புகிறார்கள். விலங்கை இது கொல்வதில்லை. சுள்ளென்று ஒரு அடி கொடுத்து, அந்தப் பக்கம் மறுபடி தலைகாட்ட வேண்டாம் என்று பழக்கிவிடுகிறது.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இழுத்துவிடும் ‘கரண்ட் வேலி’ முற்றிலும் வேறு. அது வேலியே அல்ல, கொலைப்பொறி. 230 வோல்ட் மாறுமின்சாரம் இடைவிடாமல் பாயும்போது தசைகள் இறுகிப்போகும். கம்பியைப் பிடித்த கையை விடுவிக்க முடியாது. இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும். முறையான மின்வேலியில் வோல்ட் இதைவிடப் பல மடங்கு அதிகம். 3,000 முதல் 10,000 வரை இருக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் நொடியின் மிகச் சிறு பின்னமே நீடிக்கிறது. அடுத்த துடிப்புக்கு ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளி உண்டு. தொட்ட உயிர் விலகித் தப்புவது அந்த ஒரு நொடியில்தான். ஐஇசி 60335-2-76 என்னும் பன்னாட்டுத் தரவிதி, 500 ஓம் மின்தடையில் அளக்கும்போது ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது என்கிறது. சிறு கோழிப்பட்டிக்கு ஒரு ஜூலுக்கும் குறைவான கருவியே போதும்.

தோற்றம்

இன்றைய மின்வேலியின் தாயகமாக நியூசிலாந்தைச் சொல்வது பொருந்தும். ஹாமில்டன் நகரைச் சேர்ந்த பில் கல்லகர் 1930களில், தன் காரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்த குதிரையை விரட்ட ஒரு மின்னமைப்பைச் செய்தார். பின்னால் அதுவே வேலிக்கருவித் தொழிலாக வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில், அதே ஊரின் ருவாகுரா ஆய்வுநிலையத்தில் டக் ஃபிலிப்ஸ் மின்தேக்கியைக் கொண்டு இயங்கும் கருவியை உருவாக்கினார். புல் உரசினாலும் துடிப்பு அணைந்துவிடாமல் நெடுந்தூரம் ஓடியது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வந்த இந்த நுட்பம் பிறகு கோழிக்கும் இறங்கியது. எஃகு இழை பின்னிய பிளாஸ்டிக் கயிற்று வலைகள் வந்தபின், பட்டியை இடம் மாற்றி மாற்றி மேய விடுவதும் எளிதாயிற்று.

இயங்கும் விதம்

துடிப்புக் கருவியை விற்பவர்களும் வாங்குபவர்களும் எனர்ஜைசர் என்றே சொல்கிறார்கள். மின்கலம், சூரியத்தகடு, வீட்டு மின்சாரம் இவற்றில் ஏதாவது ஒன்றில் அது இயங்கும். அதன் ஒரு முனை வேலிக்கம்பிக்கும், இன்னொரு முனை மண்ணில் அடித்த எர்த் கம்பிக்கும் போகும். விலங்கு கம்பியைத் தொட்டால் துடிப்பு அதன் உடல்வழி இறங்கி, கால்வழி மண்ணில் புகுந்து, எர்த் கம்பி வழியாகக் கருவிக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் மண்ணும் ஒரு கம்பிதான். அடி லேசாக இருக்கிறது என்று புகார் வரும் வேலிகளில் பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது, மண்ணில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்த செம்மண்ணில் மின்சாரம் சரியாக ஓடாது. எர்த் கம்பிகளை ஆழமாக, ஒன்றுக்கு மேற்பட்டவையாக, ஈரம் நிற்கும் இடத்தில் அடிக்க வேண்டும். வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அடிப்பது விதி. மிகவும் வறண்ட இடங்களில் மின்கம்பியையும் எர்த் கம்பியையும் மாறி மாறி வரிசையாகக் கட்டுவார்கள். இரண்டையும் ஒருசேரத் தொடும் விலங்குக்கு மண்ணின் உதவி இல்லாமலே அடி விழும்.

அடி உடலில் எங்கே விழுகிறது என்பது கருவியின் வலுவைவிட முக்கியம். ரோமம் மின்சாரத்தைத் தடுக்கும். ஈரமான மூக்கும் உதடும் தடுப்பதில்லை. வேலியோரம் வரும் கீரி முதலில் மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். அந்த நொடியில் அடி விழுந்தால் உடம்பைச் சுருட்டிப் பின்னால் குதிக்கும். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்து, தலையும் தோளும் நுழைந்தபின் முதுகில் அடி பட்டால் முன்னால் பாயும். அதாவது கோழிகளுக்கு நடுவில் போய் விழும். இதனாலேயே கீழ்க்கம்பிகளை நெருக்கமாகவும் தாழ்வாகவும் கட்டுகிறார்கள். ஏற்கெனவே சாதாரணக் கம்பிவலை இருந்தால், அதற்கு வெளியே ஒரு சாண் உயரத்தில் ஒற்றை மின்கம்பியை நீட்டிக் கட்டுவது செலவு குறைந்த வழி. தோண்டி நுழைய வரும் நாய் அதில்தான் முதலில் மூக்கை வைக்கும்.

கோழிக்கு இறகே காப்பு. கொண்டையிலோ காலிலோ பட்டால் மட்டும் உணரும்.

பட்டியை அமைத்தல்

கோழிக்கான மின்வலை பெரும்பாலும் 105 முதல் 120 செ.மீ. உயரத்தில் வருகிறது. மண்ணை ஒட்டிய கீழ் இழையில் மின்சாரம் இருக்காது. ஈரப்புல் பட்டு வீணாகாமல் இருக்கவே அப்படி. மேலே உள்ள கிடை இழைகளில் துடிப்பு ஓடும். வேலியோரப் புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புல் தொட்டால் பெரிதாகத் தெரியாது. மழைக்குப்பின் நூறு புல் சாய்ந்தால் வோல்ட் சரிந்துவிடும். கம்பியில் புல் உரசும் இடத்தில் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், இருட்டில் சிறு பொறி தெரியும். சோதனைக் கருவியால் அடிக்கடி அளந்து, 3,000 வோல்ட்டுக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. முள்கம்பியில் மின்சாரம் ஏற்றவே கூடாது. சிக்கிக்கொண்ட உயிர் அடுத்தடுத்த துடிப்பிலிருந்து தப்ப வழியில்லை. குழந்தைகள் நடமாடும் பக்கம் எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

நாட்டுக்கோழி நன்றாகவே பறக்கும். ஒரு பக்க இறக்கை நுனியை மட்டும் கத்தரித்தால் நிலை தடுமாறி வேலியைத் தாண்டாது. புதிதாகக் கொண்டுவந்த கோழிகளைச் சில நாள் கூட்டிலேயே அடைத்துவைத்து, இடம் பழகியபின் திறந்துவிடுவது வழக்கம். குஞ்சுகள் வலைக்கண் வழியே நழுவிவிடும். அவற்றுக்குப் பஞ்சாரத்தை மிஞ்சிய பாதுகாப்பு இல்லை.

எல்லைகள்

பருந்துக்கும் வல்லூறுக்கும் மின்வேலி ஒன்றும் செய்யாது. மேல்வலையோ ஒதுங்கப் புதரோ வேண்டும். பாம்பையும் நம்பகமாகத் தடுக்காது. மரநாய் மேலிருந்து வரும்; வேலிமேல் சாய்ந்த முருங்கைக் கிளை ஒன்று போதும். ஆகவே அந்தி சாய்ந்ததும் கோழிகளைக் கூட்டில் அடைத்துக் கதவைத் தாழிடுவதே முதல் காவல், மின்வேலி இரண்டாம் காவல்தான்.

கரடி நடமாடும் அமெரிக்காவின் மொன்டானா, அலாஸ்கா போன்ற இடங்களில் இந்த வேலிக்கு இன்னொரு பயன் உண்டு. கோழித்தீவனத்தின் ருசி கண்ட கரடி மனிதக் குடியிருப்பை விடாது. கடைசியில் அதைச் சுட்டுக்கொல்ல நேர்கிறது. வேலி அங்கே கோழியோடு கரடியையும் காப்பாற்றுகிறது.

கேடும் சட்டமும்

தாழ்ந்த மின்கம்பி சில உயிர்களுக்கு எமன். தென்னாப்பிரிக்காவில் எறும்புண்ணிகள் (அழுங்குகள்) அடிபட்டதும், தற்காப்புக்காகக் கம்பியைச் சுற்றியே சுருண்டுகொண்டு, தொடர் துடிப்பில் இறக்கின்றன. ஆமைகளும் பின்வாங்கத் தெரியாமல் ஓட்டுக்குள் ஒடுங்கி அதே இடத்தில் மாண்டுபோகின்றன. ஆமை நடமாடும் நிலங்களில் கீழ்க்கம்பியை உயர்த்திக் கட்டுவது இந்தச் சாவுகளைக் குறைக்கும்.

இந்தியாவில் மின்வாரியக் கம்பியிலிருந்து வேலிக்கு நேராக மின்சாரம் இழுப்பது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கான பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றின்படி காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலி போட முன்அனுமதி பெற வேண்டும், ஏற்கெனவே போட்டதைப் பதிவு செய்ய வேண்டும், கருவி இந்தியத் தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும். மலையடிவாரத்தில் நான்கு கோழி வளர்ப்பவரும் கருவி வாங்கும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.