கனவுலகின் அரியணைகள்: லவ்கிராஃப்டின் நிலங்களில் ஆள்வோரும் ஆளப்படுவோரும்

எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) என்ற பெயரைக் கேட்டதும் வாசகர் நினைவுக்கு வருவது கடலடியில் உறங்கும் கதுலு என்னும் பூதம்தான். அதற்கு முன்பே, 1918 முதல் 1921 வரையான நான்காண்டுகளில், அவர் வேறொரு வகைக் கதைகளை எழுதிக்கொண்டிருந்தார். பளிங்குக் கோபுரங்கள், பெயர் மறந்த ஆறுகள், அழிந்த தலைநகரங்கள் என விரியும் சிறுகதைகள் அவை. அவற்றின் பெயர்களையும் இடங்களையும் திரட்டி 1926 இலையுதிர்காலத்தில் தொடங்கி 1927 சனவரியில் ஒரு குறுநாவலை முடித்தார். 'அறியப்படாத கடாத்தைத் தேடிய கனவுப் பயணம்' எனத் தமிழில் சொல்லத்தக்க அந்தப் படைப்பு 40,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. அதைச் செப்பனிடாமல் பெட்டியில் போட்டுவிட்டார். அவர் இறந்து ஆறாண்டுகள் கழித்து, 1943-இல் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம் அதை அச்சேற்றியது.

இந்தக் கனவுலகை இதுவரை இரண்டு வழிகளில் படித்துவந்திருக்கிறார்கள். அயர்லாந்து எழுத்தாளர் டன்சனிப் பிரபுவைப் பார்த்து எழுதிய இளமைப் பயிற்சி, நடப்புலகை மறக்க ஒரு புகலிடம் என்பது முதல் வழி. இரண்டாவது, வரைபடக்காரர்களின் வழி. சேயோசியம் நிறுவனம் 1986-இல் பாத்திரமேற்பு விளையாட்டுக்காக வெளியிட்ட கனவுலகக் கையேடு இதற்கு நல்ல சான்று. அதில் ஒவ்வொரு நகருக்கும் திசையும் தொலைவும் உண்டு. முதல் வாசிப்பு நிலத்தை வெறும் மனநிலையாகக் கரைக்கிறது, இரண்டாவது அதைத் தாலுகா அலுவலகத்து நிலப்பதிவாக இறுக்குகிறது. கனவுலகில் ஆட்சி யாருடையது என்ற கேள்வியை இரண்டுமே எழுப்பவில்லை. அதை எழுப்பினால் புலப்படுவது இது: லவ்கிராஃப்டின் கனவுலகம் தன்னுரிமை கொண்ட நாடன்று, விழிப்புலகத்து மனிதரின் இழந்த சொத்துக்கு ஈடாக எழுதித்தரப்பட்ட சார்புநிலம். அதன் அரியணைகள் அங்கே பிறந்தவர்களுக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை.

இந்த உலகம் முதலில் ஓர் உலகமாகவே இருக்கவில்லை. 1919-இல் எழுதிய சார்நாத் நகரின் அழிவுக்கதையில் கனவு என்ற பேச்சே கிடையாது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ம்நார் நாட்டில், ஆறு பாயாத ஏரிக்கரையில் நடந்த பழங்கதையாகவே அது சொல்லப்படுகிறது. (வாரணாசி அருகே புத்தர் முதல் அறவுரை நிகழ்த்திய சாரநாத்துக்கும் இதற்கும் பெயர் நெருக்கத்துக்கு மேல் உறவு தேட வேண்டியதில்லை.) 1918-இல் எழுதிய துருவமீன் கதையில் வரும் லோமார், வடதிசையில் முற்காலத்தில் உண்மையாகவே இருந்த நாடாக அமைகிறது. 1919-இன் வெள்ளைக் கப்பல் கதையில் சார், தலாரியன், சூரா, சோனா-நில் ஆகிய நிலங்கள் ஏறக்குறைய உருவகங்கள். மறக்கப்பட்ட அழகுக்கு ஒன்று, எட்டாத இன்பத்துக்கு ஒன்று, கற்பனைக்கு ஒன்று என்று வரிசைப்படுத்திய கரைகள். லெங் பீடபூமியோ இன்னும் அலைகிறது: 1922-இல் எழுதிய வேட்டைநாய்க் கதையில் மத்திய ஆசியாவில், கடாத் பயணத்தில் கனவுலகின் வடக்கே, 1931-இல் எழுதிய பித்தின் மலைகள் நாவலில் அண்டார்டிகாவின் பனியோடு பிணைந்து. வரைபடம் வரைந்தவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட்டுவிட்டார்கள். ஆசிரியருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

சிதறிக் கிடந்த இவற்றை 1926-இல் ஒட்டவைத்தது நிலவியல் அன்று. ஒரு கிழவனின் வயதும் ஒரு நூலின் இடப்பெயர்ச்சியும்தான் அந்த வேலையைச் செய்தன. உல்தார் நகரத்துப் பூனைகள் கதையில் (1920) அட்டால் விடுதிக்காரரின் சிறுமகன். வேற்றுக் கடவுளர் கதையில் (1921) அவன் பார்சாய் என்னும் அறிஞரின் இளம் சீடனாக ஹாதெக்-க்ளா மலையேறுகிறான். குரு மறைந்துபோக, அவன் மட்டும் இறங்கி வருகிறான். கடாத் பயணத்திலோ முந்நூறு வயதுக் குருக்களாக உல்தார் கோயிலில் அமர்ந்திருக்கிறான். மூன்று கதைகளுக்கும் ஒரே காலக்கோடு கிடைத்தது இந்த ஒருவன் மூப்படைந்ததால்தான். அவனிடம் இருக்கும் ப்நகோட்டிக் சுவடிகளைப் பற்றிய செய்தி இன்னும் கூர்மையானது. வடபுலத்து மறந்துபோன அரசுகளில் விழித்திருந்த மனிதர்கள் அவற்றை எழுதினார்களாம், லோமார் வீழ்ந்தபோது அவை கனவு நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனவாம். கனவுலகின் மிகப் பழைய நூலே இறக்குமதிச் சரக்கு. தன் கடவுளரைப் பற்றிய அறிவுக்குக்கூட அந்த நாடு விழிப்புலகின் வீழ்ந்த அரசொன்றை நம்பியிருக்கிறது.

இனி மண்ணின் மக்களைப் பார்ப்போம். கனவில் கண்ட அந்திநகரத்தை அடைய வேண்டி, கடவுளர் வாழும் கடாத்தைத் தேடிப் புறப்படும் நாயகன் ராண்டால்ஃப் கார்ட்டர் எழுபது படி இறங்கித் தீச்சுடர்க் குகையை அடைகிறான், பின் எழுநூறு படி இறங்கி ஆழ்துயில் வாயிலைக் கடக்கிறான். அதற்கப்பால் அவன் காணும் நிலம் வியக்கத்தக்க அளவு வணிகநிலம். பகைமை, பக்தி, காதல் இவற்றால் அன்றி, சரக்கால்தான் நகருக்கு நகர் தொடர்பு. டைலத்-லீன் துறைமுகத்துக்குக் கறுப்புக் கப்பல்களில் மாணிக்கம் வருகிறது, விலையாகப் பொன்னும் அடிமைகளும் போகின்றன. அந்தியொளி மாறாத இங்கானோக் நாடு ஓனிக்ஸ் கல்லை வெட்டி செலிஃபாயிஸ் நகருக்கு அனுப்புகிறது. இங்கானோக்கிலிருந்து வரும் மாலுமிகளின் முகச்சாயலில்தான் கார்ட்டருக்கு முதல் உண்மையான தடயம் கிடைக்கிறது. ஓரியாப் தீவின் ந்கிரானெக் மலையில் செதுக்கியிருக்கும் கடவுளின் முகமும் அவர்கள் முகமும் ஒன்று. கடவுளரின் வழித்தோன்றல்களாக இருந்தும் அவர்கள் வேலை கல் ஏற்றுவதுதான். முன்பு உருவகங்களாக இருந்த சாரும் தலாரியனும் இந்தக் கதையில் கப்பல் கடந்துபோகும் கரைகளாகச் சுருங்குகின்றன. மேற்கின் பசால்ட் தூண்களுக்கு அப்பால் நம்பிக்கையின் நாடு கதூரியா இருக்கிறது என்பது எளிய மக்களின் பேச்சு. அங்கே பேரருவிதான் உண்டு என்பது அறிந்த கனவாளிகளின் தெளிவு. இந்தப் பகுப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்தக் கடலிலேயே வாழ்பவர்களுக்குத் தெரியாத புவியியல், உறங்கி வந்து போகும் விருந்தினருக்குத் தெரிந்திருக்கிறது.

கறுப்புக் கப்பல்களைப் பற்றி மழுப்பாமல் பேசியாக வேண்டும். தலைப்பாகைக்குள் கொம்பையும் காலணிக்குள் குளம்பையும் மறைத்த வணிகர்கள், எடை போட்டு வாங்கப்படும் பார்க் நாட்டுக் கறுப்பின அடிமைகள் ஆகிய சித்திரங்கள் வெறும் மிகைப்புனைவு அல்ல. 1924-இல் திருமணமாகி நியூயார்க் சென்ற லவ்கிராஃப்ட், அந்நகரின் குடியேறிகள்மீது கொண்ட வெறுப்பைத் தம் கடிதங்களில் ஒளிக்கவில்லை. 1926 ஏப்ரலில் பிறந்த ஊரான பிராவிடன்ஸுக்குத் திரும்பினார். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் இந்தக் குறுநாவலைத் தொடங்கினார். துறைமுகம் என்றாலே ஐயம், தலைப்பாகை என்றாலே சூது என்ற அச்சம் கனவின் கடற்கரையிலும் அவரோடு வந்து இறங்கியது. இதை ஒதுக்கிவிட்டுக் கவித்துவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. கனவுலகில் யாருக்கு மகுடம், யாருக்குச் சங்கிலி என்ற பங்கீட்டின் மறுபாதி இது.

மகுடம் பெற்றவர்களில் முதல்வன் குரானெஸ். 1920-இல் எழுதி 1922-இல் வெளிவந்த செலிஃபாயிஸ் கதையில் அவன் லண்டனில் தனித்து வாழும் ஓர் ஆங்கிலேயன். குடும்பத்தின் கடைசி வாரிசு. பணமும் நிலமும் போய்விட்டன. வாடகை அறையிலிருந்தும் துரத்தப்பட்டு அலைபவனை எதிர்கொண்டழைக்கக் குதிரை வீரர்கள் வருகிறார்கள். செலிஃபாயிஸ் நகரம் அமைந்த ஊத்-நர்காய் பள்ளத்தாக்கைக் கனவில் படைத்தவன் அவன் என்பதால், என்றென்றைக்கும் அதன் தலைமைக் கடவுளாக அமர்த்தப்படுகிறான். விழிப்புலகில் அவன் உடல் கடலோரம் ஒதுங்குகிறது. அருகிலிருக்கும் பழம்பிரபுக்களின் மாளிகையில், சாராயத் தொழிலில் பணம் சேர்த்த ஒருவர் விலைகொடுத்து வாங்கிய குலப்பெருமையை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். நிலவுடைமைக் குடும்பத்தின் வீழ்ச்சியும் கனவுலகப் பட்டமேற்பும் கணக்கேட்டின் இரண்டு பக்கங்களாக நிற்கும் கதை இது. லவ்கிராஃப்டின் தாத்தா விப்பிள் ஃபிலிப்ஸ் 1904-இல் இறந்ததும் குடும்பச் செல்வம் கரைந்தது. ஏஞ்சல் தெருவின் பெரிய வீட்டை விட்டு அவர்கள் வெளியேற நேர்ந்தது. இழந்தவனுக்கு இழப்பீடாக ஒரு நாடு என்ற எண்ணம் எங்கிருந்து முளைத்தது என்று நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை.

ஆறாண்டு கழித்து எழுதிய கடாத் பயணத்தில் குரானெஸ் மீண்டும் வருகிறான். இங்கேதான் லவ்கிராஃப்ட் தம் பழைய கதையைத் தாமே மறுத்தெழுதுகிறார். எழுபது இன்பங்களின் அரண்மனையும் மேகநகரம் செரானியனும் அவனுக்குச் சலித்துவிட்டன. கார்ன்வால் கடற்கரைக்கு ஏங்கிய அந்த மன்னன், செலிஃபாயிஸுக்கு அருகே ஆங்கிலப் பாணியில் ஒரு மாளிகையையும் மீனவச் சிற்றூரையும் எழுப்பிக்கொண்டு அங்கே வாழ்கிறான். தான் ஆளும் மண்ணில் தன் தாய்நாட்டின் நகலைக் கட்டும் ஆட்சியாளன் நமக்குப் புதியவன் அல்லன். உதகமண்டலத்து ஓட்டுக்கூரைப் பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு அவனை உடனே அடையாளம் தெரியும். குரானெஸின் ஏக்கத்தை விமரிசகர்கள் பெரும்பாலும் உளவியலாகப் படிக்கிறார்கள். அது ஆட்சிமுறையும்கூட. அந்தச் சிற்றூரில் கார்ன்வால் மீனவர்களாக வாழ வேண்டியவர்கள் யார்?

மண்ணின் மன்னர்களே இல்லையா என்ற எதிர்வாதம் எழலாம். இருக்கிறார்கள். ஆனால் எப்படி என்பதைப் பார்க்க வேண்டும். இங்கானோக்கின் அரசன் முகத்திரை அணிந்தவன். கார்ட்டரும் அவன் முகத்தைக் காண்பதில்லை, நாமும் காண்பதில்லை. இலெக்-வாட் நாட்டு மன்னன் ஆண்டுக்கொரு முறை பல்லக்கில் கிரான் கோயிலுக்கு வந்து, இளமையில் தனக்குப் பாடிய ஊக்ரானோஸ் ஆற்றின் கடவுளை வணங்கிச் செல்கிறான். நிலத்தோடும் நீரோடும் உறவு கொண்ட அரசன் என்று கனவுலகில் சொல்லத்தக்கவன் அவன் ஒருவனே. அதே 1926-இல் எழுதி 1929 சனவரியில் வியர்ட் டேல்ஸ் இதழில் வெளிவந்த வெள்ளிச் சாவிக் கதையின் முடிவில், இலெக்-வாட்டின் ஓபல் அரியணையில் புதிய அரசன் ஒருவன் அமர்ந்திருப்பதாக உல்தாரில் பேச்சு அடிபடுகிறது. அந்தப் புதியவன் பாஸ்டன் நகரத்து ராண்டால்ஃப் கார்ட்டர். ஆற்றின் பாடலைக் கேட்ட பழைய மன்னன் என்ன ஆனான் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே கதைகள் கருதவில்லை.

மன்னரோடு இது நிற்கவில்லை. கார்ட்டர் கடைசியில் கடாத் கோட்டையை அடையும்போது அங்கே கடவுளர் இல்லை. அவன் தேடிவந்த அந்திநகரத்திலேயே குடியேறிவிட்டார்கள். அந்த நகரம், அவன் இளமையில் கண்டு நேசித்த பாஸ்டனின் மலைச்சரிவுக் கூரைகள், சேலம், மார்பிள்ஹெட், பிராவிடன்ஸ் ஆகியவற்றின் தொகைதான் என்று வேற்றுக் கடவுளரின் தூதன் நயார்லதோதெப் அவனுக்கு விளக்குகிறான். பலரும் இதை வீடு திரும்பலின் நெகிழ்ச்சியாக வாசிக்கிறார்கள். நெகிழ்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பக்கங்களின் உரைநடை லவ்கிராஃப்ட் எழுதியவற்றுள் மிக இளகியது. ஆனால் கனவுலகின் பக்கம் நின்று பார்த்தால், மாலுமிகளும் குருக்களும் கல்வெட்டுவோரும் தலைமுறை தலைமுறையாக வணங்கிய கடவுளர் ஓர் அயலானின் ஊர் நினைவுக்காக அவர்களைக் கைவிட்டுப் போயிருக்கிறார்கள். நாட்டின் மிக உயர்ந்த சரக்கு, ஓனிக்ஸைவிடவும் மாணிக்கத்தைவிடவும் உயர்ந்தது, நியூ இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிவிட்டது.

விழிப்புலகுக்குப் பணியும் இந்தப் போக்கு டன்சனியிடமிருந்து வந்ததன்று. 1919 அக்டோபரில் பாஸ்டனில் டன்சனியின் உரையைக் கேட்டவர் லவ்கிராஃப்ட். பெயர்களின் ஓசை, தொடர்களின் தாளம், கடவுளரின் சிறுமை ஆகியவற்றில் கடன் வெளிப்படை. ஆனால் டன்சனியின் 1910-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள யான் ஆற்றுப் பயணக் கதையில், கதைசொல்லி தான் அயர்லாந்திலிருந்து வருவதாகச் சொன்னதும் கப்பல் தலைவனும் மாலுமிகளும் சிரித்துவிடுகிறார்கள். கனவு நாட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது என்பது அவர்கள் முடிவு. அங்கே வருபவன் பயணி மட்டுமே, கரையிறங்கியதும் அவன் கதை முடிகிறது. டன்சனிப் பிரபுவுக்கு மீத் மாவட்டத்தில் பரம்பரைக் கோட்டையே இருந்தது, கனவில் அரியணை தேட வேண்டிய நெருக்கடி அவருக்கு வரவில்லை என்று குறும்பாகச் சொல்லலாம். காரணம் எதுவாயினும், டன்சனியின் கனவுலகம் விழிப்புலகைப் பார்த்துச் சிரிக்கிறது. லவ்கிராஃப்டின் கனவுலகம் அதற்கு மண்டியிடுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உல்தாருக்கு அரசன் இல்லை. பூனையைக் கொல்லக்கூடாது என்ற அதன் புகழ்பெற்ற சட்டத்தை எந்தக் கனவாளியும் இயற்றவில்லை. வழிப்போக்கர் கூட்டத்துச் சிறுவன் ஒருவனின் பூனைக்குட்டி காணாமல்போனதை ஒட்டி நிகழ்ந்தவற்றைக் கண்டு ஊர்ப்பெருமக்களே கூடி இயற்றினார்கள். கனவுலகில் உள்ளூர் மக்கள் தாமாகச் செய்த அரசியல் செயல் என்று நான் காண்பது இதை மட்டும்தான். கிஜ் ஜான்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2016-இல் வெளியிட்ட குறுநாவலின் நாயகி வெலிட் போ அந்த ஊரிலிருந்தே புறப்படுவது பொருத்தமான தேர்வு. உல்தார் பெண்கள் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் நடுத்தர வயதுப் பெண் அவள். விழிப்புலகத்து ஆண் ஒருவனோடு போய்விட்ட மாணவியை மீட்கக் கார்ட்டரின் பாதையை எதிர்த்திசையில் கடக்கிறாள். வழியில் இலெக்-வாட் மன்னனிடம் உதவி கேட்டுச் செல்கிறாள். மன்னன் கார்ட்டர் அவளுடைய பழைய காதலன். பெண்கள் பெருங்கனவு காண்பதில்லை என்று ஒருகாலத்தில் அவளிடம் சொன்னவன். ஜான்சன் அவனை அரியணையிலிருந்து இறக்கவில்லை. அவன் தன் அரசுக்குள்ளேயே கட்டுண்டு இருக்க, விழிப்புலகுக்குள் நுழையும் உரிமையைக் கனவுலகத்துக் கணித ஆசிரியைக்கு வழங்குகிறார். அறியப்படாத நாடாக இப்போது நிற்பது அமெரிக்கா; அதன் நெடுஞ்சாலைகளையும் எண்ணற்ற விண்மீன்களையும் வியந்து பதிவுசெய்பவள் அவள்.