சைதாப்பேட்டையிலிருந்து வந்த டிப்ளமோ

செங்கல்பட்டிலிருந்து பீச் போகிற ரயில் சைதாப்பேட்டையில் நிற்கும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கு. 2002இல் சட்டம் போட்டு உருவாக்கினாங்க.

தபால்வழிக் கல்வி அதைவிடப் பழசு. டெல்லியில் 1962, மதுரையில் 1971, சென்னையில் 1981. ஆனா பள்ளியைப் பாதியில் விட்டவங்க தொழில் கத்துக்க வந்தது சமுதாயக் கல்லூரி. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் இன்னொன்று. பயிற்சி நல்லாத்தான் இருந்தது, சான்றிதழுக்குத்தான் மதிப்பு இல்லை. பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல சமுதாயக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டது. பயிற்சி உள்ளூரில், டிப்ளமோ சைதாப்பேட்டையிலிருந்து. என் கணக்கில் பெரிய திருப்பம் இதுதான்.

சிக்கல் வேற இடத்துல வந்தது. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழக அரசு வேலைக்கும் பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையைப் பார்ப்பாங்க. விண்ணப்பம் தள்ளுபடியான பிறகு இது தெரிஞ்சு என்ன செய்ய? பத்தாவதை விட்டுட்டு டிப்ளமோ முடிச்ச மாமல்லபுரத்துப் பையன், தொலைநிலைப் பட்டத்துக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி, தனித்தேர்வராகப் பத்தாவதையும் பிளஸ் டூவையும் எழுதிடணும்.